இரட்டைப் பிறவிக்கு மெமோ கிடையாது

2018, மே மாதம் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். திண்டிவனத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் பால் பதப்படுத்தும் ஆலையின் ஸ்டோர் ரூமில், பதினாறு பழைய ரிஜிஸ்டர்களுக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள்.

ஆலையின் பெயர் வேண்டாம். அது இப்போது கைமாறிவிட்டது. இந்தக் கதையில் வரும் ஏழு ஃபிட்டர்களும் ஏழு திசையில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் இதை எழுத எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — என் வீட்டு விஷயத்தை நான் எளிதில் வெளியே சொல்பவள் அல்ல.

அப்போது நான் விழுப்புரத்தில் தமிழ் எம்.ஏ. முதலாண்டை முடித்திருந்தேன். கோடை விடுமுறை. அந்த ஆலையில் என் அண்ணன் சவரி கான்ட்ராக்ட் ஃபிட்டர். எட்டு ஆண்டுகளாக எந்த மெஷினில் என்ன பழுது, யார் சரி செய்தார்கள் என்று ஃபிட்டர்கள் கையால் எழுதிவைத்த ரிஜிஸ்டர்களை யாராவது கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அண்ணன்தான் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறான்.

"என் தங்கச்சி தமிழ்ல எம்.ஏ. படிக்குது சார். எப்பேர்ப்பட்ட கையெழுத்தா இருந்தாலும் படிச்சிடும்."

ஓலைச்சுவடி படிக்கிறவள் என்று நினைத்தார்களோ என்னவோ, உடனே வரச் சொல்லிவிட்டார்கள்.

எதற்காக இந்த ஏற்பாடு? சென்னையிலிருந்து வந்திருந்த இளம் இன்ஜினியர் கார்த்திக் முதல் நாளே பொறுமையாக விளக்கினார். அதன் பெயர் டிஜிட்டல் ட்வின்.

"நிஜ மெஷினுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு இரட்டைப் பிறவின்னு வெச்சுக்கோங்க. இதுல சென்சார் மாட்டியிருக்கோம். இங்க சூடு ஏறினா அங்க தெரியும். இங்க அதிர்வு கூடினா அங்க தெரியும். அதுமட்டும் இல்லைங்க... எந்த பார்ட் எப்ப போகும்னு அது முன்னாடியே சொல்லிடும். போறதுக்கு முன்னாடியே மாத்திடலாம்."

"அதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்க டைப் பண்றதை வெச்சுத்தான். எட்டு வருஷ ஹிஸ்டரி. அதுதாங்க அதோட ஞாபகம்."

ஒரு பிறவிக்கு ஞாபகம் தட்டச்சு செய்து தரும் வேலை! எனக்குப் பிடித்திருந்தது. தேதி, ஷிஃப்ட், மெஷின் எண், பழுது, செய்த வேலை, ஃபிட்டரின் பெயர் — ஆறு கட்டங்கள். ஒரு வரியையும் விடாமல், ஒரு சொல்லையும் கூட்டாமல் ஏற்றினேன். மூலப்பிரதியைப் பேணுவது எப்படி என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். எந்த மூலப்பிரதியை என்று அவர்கள் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

பாலைக் குளிர்விப்பதற்கு அம்மோனியா வாயுவை அழுத்தித் தள்ளும் மூன்று கம்ப்ரசர்கள் அங்கே இருந்தன. அவற்றில் இரண்டாம் நம்பருக்கு ஷாஃப்ட் சீல் அடிக்கடி போகும். சுழலும் தண்டைச் சுற்றி, வாயு வெளியே கசியாமல் பிடித்துக்கொள்ளும் வளையம்தான் அந்தச் சீல். இரண்டாம் நம்பரில் சீல் மாற்றிய இருபதாம் நாள், மூன்றாம் நம்பரில் சீல் போகிறது. அடுத்த இருபதாம் நாள், மறுபடியும் இரண்டாம் நம்பர். பிறகு மூன்று. பிறகு இரண்டு. எட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட இரண்டாம் நம்பர் அடுத்தடுத்து இரண்டு தடவை பழுதாகவில்லை!

இரும்புக்கு இவ்வளவு ஒழுங்கு வருமா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரசர் அறைக்குப் போனேன். ஒன்றும் இரண்டும் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாம் நம்பருக்கு மோட்டாரே இல்லை. பெல்ட்டும் இல்லை. அதன் முதுகில் நான்கு டிபன் பாக்ஸ்கள், உலரப் போட்ட ஒரு துண்டு. நெற்றியில் மட்டும் பட்டையாகச் சந்தனம், குங்குமம் — போன ஆயுத பூசைக்கு வைத்தது.

ஹெட் ஃபிட்டர் தேவநாதன் கை கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா தங்கச்சி, மூணாம் நம்பர பாக்க வந்தியா? அது நல்லாத்தான் ஓடிக்கினு இருக்குது... நோட்டுல."

கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"இதுக்கு எதுக்குச் சந்தனம்?" என்றேன்.

"இன்னா இப்டி கேட்டுட்ட? ஒண்ணும் ரெண்டும் பாலுக்கு ஓடுது. இது எங்களுக்கு ஓடுது. இது மட்டும் இல்லன்னா உங்க அண்ணன் என்னைக்கோ வூட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்."

பிறகு விளங்கியது. மேனேஜர் வந்த புதிதில் ஒரு விதி போட்டிருக்கிறார். ஒரே மெஷினில் ஒரே பழுது முப்பது நாளுக்குள் திரும்ப வந்தால், முன்பு சரி செய்த ஃபிட்டருக்கு மெமோ. மூன்று மெமோ வாங்கினால் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது. கேட்பதற்கு நியாயமான விதி. ஆனால் இரண்டாம் நம்பருக்கு நிர்வாகம் வாங்கிப்போடும் மட்டமான சீல் இருபது நாளுக்கு மேல் தாங்காது. மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இருபத்தோராம் நாள் அவன் குற்றவாளி.

"சீலு மட்டம் சார்னு சொல்லலையா?" என்று தேவநாதனிடம் கேட்டேன்.

"சொல்லாமலா? வாய் வலிக்கச் சொல்லியாச்சு. 'ஒங்க கைல வேலை சரியில்ல, சீல கொற சொல்லாதீங்க'ன்னுட்டாரு. அப்புறம் இன்னா பண்றது? ஒருவாட்டி ரெண்டுல எழுதுனா, அடுத்தவாட்டி மூணுல எழுதிடறது. ரெண்டு ரெண்டுக்கும் நடுவுல நாப்பது நாளு ஆயிடும். மெமோ கெடையாது."

செத்துப்போன மெஷினின் பெயரில் சிகிச்சை. ஏழு ஃபிட்டர்களும் ஒரு வார்த்தை பிசகாமல் எட்டு ஆண்டுகள் காத்த ரகசியம். அவர்கள் ரிஜிஸ்டரில் எழுதியது பொய். ஆனால் வேலையில் பொய் இல்லை. ஒவ்வொரு இருபதாம் நாளும் யாராவது ஒருவர், கசிவு வருமுன்பே இரண்டாம் நம்பரை நிறுத்திச் சீலை மாற்றிவிடுவார்கள். ரிஜிஸ்டரைப் பார்க்காமலே அந்தக் கணக்கு ஏழு பேருக்கும் மனப்பாடம்.

அன்று மாலை விழுப்புரம் பஸ்ஸில், விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது அண்ணனிடம் கேட்டேன். "நான் எந்த எண்ணைப் போடட்டும்?"

"மூணுன்னு இருந்தா மூணுன்னு போடு. உன்னை டைப்படிக்கத்தான கூட்டாந்தாங்க?"

"அந்தக் கம்ப்யூட்டர் அதை நம்பும் அண்ணா."

"நம்பிட்டுப் போவட்டுமே. மேனேஜரே நம்புறாரு, கம்ப்யூட்டருக்கு இன்னா?" சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ ஆயிடுச்சி பாப்பா. பேஜாரு பண்ணாத."

அண்ணன் வேலைதான் எங்கள் வீட்டின் வேலை. அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. என் படிப்பு அவன் ஷிஃப்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூன்று என்று இருந்த இடத்தில் மூன்று என்று போட்டேன். மூலப்பிரதிக்கு விசுவாசமாக... அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துல்லியம் என்பது சில சமயம் கோழைத்தனம் உடுத்திக்கொள்ளும் நல்ல சட்டை.

ஜூன் மூன்றாவது வாரம், மீட்டிங் ஹாலில் பெரிய திரையில் இரட்டைப் பிறவியைக் காட்டினார்கள். அழகாகவே இருந்தது. கம்ப்ரசர்கள் பச்சை நிறத்தில் மெதுவாகச் சுற்றின. தொட்டால் ஒவ்வொரு பாகமும் பிரிந்து வந்து, தன் ஆயுள் இன்னும் எத்தனை நாள் என்று சொன்னது.

"மூணாம் நம்பர் ஓடலைங்க சார். சென்சாரே மாட்டலை. அதனால அந்த ஹிஸ்டரியை எடுத்துட்டேன்," என்றார் கார்த்திக்.

மேனேஜர் தலையசைத்தார். "ஓடாத மெஷினுக்கு ஹிஸ்டரி எதுக்கு? எடுத்தது சரிதான்."

ஓடாத மெஷினுக்கு எட்டு ஆண்டுகளாக எப்படிப் பழுது வந்தது என்று அந்த ஹாலில் ஒருவரும் கேட்கவில்லை. மேனேஜருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? இன்றுவரை எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு. ஒரே ஒரு பட்டனில், நடந்த வேலைகளில் பாதி காணாமல் போயிற்று. மீதிப் பாதியைப் படித்த இரட்டைப் பிறவி, இரண்டாம் நம்பரின் சீல் நாற்பது நாள் தாங்கும் என்று முடிவு செய்தது. அதன் மேல் தப்பில்லை. அதற்குக் கொடுத்த ஞாபகம் அவ்வளவுதான்.

"முப்பத்தஞ்சு நாளைக்கு ஒருவாட்டி மாத்தினாப் போதும்," என்றார் மேனேஜர். "இனிமே பிளான்ல இல்லாம யாரும் மெஷினை நிறுத்தக் கூடாது. நிறுத்தணும்னா என் கையெழுத்து வேணும்."

கதவோரம் நின்றிருந்த தேவநாதன் மெல்லச் சொன்னார். "சார்... நடுவுல ஒருவாட்டி பாத்துக்கினா நல்லது."

"ஏன்? போன தடவை நீங்க சரியா மாட்டலையா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த பேனாவைப் பார்த்தேன்.

கடைசியாகச் சீல் மாற்றி இருபதாம் நாள் வந்தது. இருபத்தொன்று, இருபத்திரண்டு.

இருபத்திரண்டாம் நாள் பகல் ஷிஃப்டில் அண்ணன் இருந்தான். மூக்கைத் துளைக்கும் நெடி லேசாக வர ஆரம்பித்திருக்கிறது. போன தடவை சீல் மாட்டியவனும் அவன்தான்; மேனேஜர் கையெழுத்துக்குப் போனால் மூன்றாவது மெமோ. போகாவிட்டால், கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க அம்மோனியா. இதற்கு அவன் கண்ட வழி — சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் கீழே இல்லாத அரை மணிக்குள் மெஷினை நிறுத்தி, சீலை மாற்றி, மறுபடி ஓட விடுவது. உள்ளே மீந்திருக்கும் வாயுவை முழுவதும் வெளியேற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அதற்கே முக்கால் மணி ஆகும். அவன் காத்திருக்கவில்லை.

வாயு முகத்தில் அடித்தது. தேவநாதன் அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கால் மணி நேரம் கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தாராம். மற்றவர்கள் சீலை மாட்டி முடித்துவிட்டார்களாம்.

தகவல் கிடைத்து நான் போனபோது, திண்டிவனத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு கண்ணிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"தண்ணி ஊத்திக் கழுவுனதால கண்ணு தப்பிச்சுதும்மா. நாலு நாள்ல கட்டப் பிரிச்சிடலாம். ஆனா இன்னொரு தபா இப்படி ஆனா எங்கிட்ட கூட்டிக்கினு வராதீங்க. பிரயோஜனம் இருக்காது."

ஆலையின் விபத்துப் பதிவில் என்ன இருந்தது தெரியுமா? 'சுத்தம் செய்யும்போது கண்ணில் தூசி.' அதை எழுதச் சொன்னவனும் என் அண்ணன்தான்.

"யாருகிட்டயும் சொல்லிடாத," என்றான் கட்டுக்குப் பின்னாலிருந்து. "இருபது நாள்ல திரும்பவும் மாத்திடுவோம். இந்தவாட்டி ஜாக்கிரதையா."

மறுபடியும் அதே அரை மணி நேரம். மறுபடியும் அதே கண்கள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து கார்த்திக்குக்குப் போன் செய்தேன். "மூன்றாம் நம்பரின் பதிவுகள் எல்லாமே இரண்டாம் நம்பருடையவை. தேதி வரிசையில் சேர்த்துப் பாருங்கள்," என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்த முனையில் கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு அவர் குரலில் அப்படி ஓர் ஆனந்தம்!

"சூப்பர்ங்க! கரெக்டா இருபது நாள் வருது! சென்சார் ரீடிங்கோட அப்படியே பொருந்துது! இத்தனை நாளா இந்தக் கர்வ் ஏன் ஒத்துவரலைன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன்..."

நல்லவர்தான். கணக்கு சரியானால் உலகம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். நானும் அப்படித்தானே இருந்தேன்?

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களே பொருத்திப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் புதிய அறிக்கை தந்தது: இரண்டாம் நம்பரின் சீல் இருபது நாளுக்கு மேல் தாங்காது. காரணம், சீலின் தரம். மேனேஜர் அதை அன்றே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். ஒரே வாரத்தில் உயர்ந்த ரகச் சீல் வந்து இறங்கியது. திட்டமிட்ட நிறுத்தம், முழுதாக வாயுவை வெளியேற்ற நேரம், முகக் கவசம் — எல்லாம் பிளானில் ஏறின. இரட்டைப் பிறவிக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

'சீலு மட்டம் சார்' — எட்டு ஆண்டுகளாக ஏழு பேர் சொன்ன அதே வாக்கியம். அவர்கள் சொன்னபோது அது சாக்கு. கம்ப்யூட்டர் சொன்னபோது அது கண்டுபிடிப்பு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? யோசித்துப் பார்த்தால் ஒன்றுதான் தெரிகிறது. கம்ப்யூட்டருக்கு மெமோ கொடுக்க முடியாது. 'இருபது நாளில் மறுபடியும் பழுதாகும்' என்று அது பயமில்லாமல் சொல்லலாம். அதே பயமின்மையை அந்த ஏழு பேருக்கும் கொடுத்திருந்தால், பதினாறு ரிஜிஸ்டர்களிலும் உண்மை இருந்திருக்கும். இரட்டைப் பிறவி வருவதற்கு முன்பே அந்த மெஷின் திருந்தியிருக்கும். மனிதர்கள் வாயை அடைத்துவிட்டு, உண்மை பேச ஓர் இயந்திரத்தை வரவழைக்கிறோம். அதற்கு முன்னேற்றம் என்று பெயரும் வைக்கிறோம்.

கதை அங்கே முடிந்திருந்தால் இவ்வளவு கசந்திருக்காது. எல்லாம் சீரான பிறகு மேனேஜருக்கு ஒரு கேள்வி வந்தது: ஓடாத மெஷினில் இத்தனை வேலை எழுதியது யார்? கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. ஆறாவது கட்டத்தில், ஒவ்வொரு வரிக்கும் நேராக, ஃபிட்டரின் பெயரைத் தெளிவாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தேனே!

ஏழு பேருக்கும் நோட்டீஸ். பொய்யான பதிவு செய்ததற்காக ஏன் நீக்கக் கூடாது? இரண்டு நாளில் விளக்கம் தர வேண்டும்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்து நோட்டீஸை என் புத்தகத்தின் மேல் வைத்தான். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"நீதான சொன்ன?"

"ஆமாம்."

"இன்னாத்துக்கு?"

"உன் கண்ணுக்காக."

அம்மா உள்ளே இருந்து "இன்னாடா ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்றான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

"மேனேஜர் தனியா கூப்ட்டுச் சொன்னாரு. வேணும்னே எழுதுனோம்னு சொன்னா ஏழு பேருக்கும் வேலை போச்சாம். கவனக்குறைவுல நம்பரு மாறிப்போச்சின்னு ஆளுக்கு ஒரு லெட்டர் குடுத்தா, வார்னிங்கோட முடிச்சிடுவாராம்."

"எட்டு ஆண்டுகள், ஏழு பேருக்கும், ஒரே கவனக்குறைவா?"

"அவருக்குத் தெரியாதா? அவரு விதியாலதான் இப்டி எழுதுனோம்னு மேலே தெரிஞ்சா அவருக்கும்தான் சிக்கலு. அவருக்கும் அந்த லெட்டருதான் வேணும்." தலையைக் குனிந்துகொண்டான். "ஆனா ஏழும் ஒரே மாதிரி இருக்கக் கூடாதாம். ஹெட் ஆபீஸுல நம்ப மாட்டாங்களாம். தேவநாதன் அண்ணன் சொன்னாரு... 'ஒன் தங்கச்சிதான தமிழ் படிக்குது. அதுவே எழுதட்டும்.'"

"கோபமாகச் சொன்னாரா?"

"சிரிச்சிக்கினேதான் சொன்னாரு. அதான் எனக்குத் தாங்கல."

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து, மேஜையில் ஏழு வெள்ளைத் தாள்களை வரிசையாக வைத்தேன். தேவநாதனுக்குப் பார்வை மங்கலைத் தந்தேன். ஒருவருக்கு மனைவியின் பிரசவ நேரத்துக் குழப்பம். ஒருவருக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்து அவசரம். ஒருவருக்குப் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதும் பழக்கம். இன்னும் இருவருக்கு இரண்டு விதமான ஞாபக மறதி. அண்ணனுக்கு மட்டும் எந்தப் பொய்யும் பொருந்தவில்லை. கடைசியில், 'எனக்குப் போதிய பயிற்சி இல்லை' என்று எழுதினேன். அந்த ஆலையிலேயே கைதேர்ந்த ஃபிட்டர் அவன்.

எட்டரை மணி பஸ்ஸுக்குள் ஏழும் தயார். அவரவர் தங்கள் கையெழுத்தில் பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும். கொடுப்பதற்கு முன், எந்தெந்த வரியில் அடித்துத் திருத்த வேண்டும் என்பதையும் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன் — உண்மை போல இருக்க வேண்டுமல்லவா?